நடராசா வாழை வளர்க்கிறார்

கோபிசங்கரைப் பழிவாங்கியே தீருவது என்று சுபாஜினி முடிவெடுத்தபோது அவள் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தனுஷிகா ஒரு தாளோடு வந்து, ஆறாவது வசனம் விளங்கவில்லை, ஒருக்காச் சொல்லித் தாருங்கோ அக்கா என்று நீட்டினாள். தாளின் தலையில் கோபிசங்கரின் படம். கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, கைகளை மார்பில் மடித்து, ஒரு பக்கமாய்ச் சிரிப்பு. கீழே ஆங்கிலப் பயிற்சி. எழுவாய்க்கு ஏற்ற வினையைத் தெரிவு செய்க. ஆறாவது வசனம், வீமனுக்குப் பப்பாசிப்பழம் பிடிக்காது என்பது.

வீமன் வேறு யாருமில்லை. திருவலைக்குப் பக்கத்தில் வாலை ஆட்டிக்கொண்டு தேங்காய்ப்பூவுக்குக் காத்துக்கிடந்த அவள் வீட்டு நாய்தான். அந்த வசனத்தை அவள் முதல் நாள் எழுதி, தன் வகுப்புக்கென்று அச்சுவேலிச் சந்தைக்கு முன்னால் இருக்கும் அடைக்கலநாதனின் போட்டோக்கொப்பிக் கடையில் பிரதி எடுக்கக் கொடுத்திருந்தாள். தாளின் சூடு ஆறமுதல் அது கோபிசங்கரின் சிரிப்புக்குக் கீழே போய்க் குந்திவிட்டது. சுபாஜினிக்கு வந்த கோபத்தில் தேங்காய்ப்பாதி கையை விட்டுப் பறந்து முற்றத்தில் விழுந்தது. வீமனுக்கு அன்றைக்கு நல்ல காலம்.

தனுஷிகாவுக்கு ஆறாவது வசனத்தை விளங்கப்படுத்தி அனுப்பிவிட்டு, சுபாஜினி வெறும் திருவலைக்கு முன்னால் அப்படியே இருந்தாள். கோபிசங்கரை எட்டு வருடம் 'சேர்' என்றும் 'அவர்' என்றும் சொல்லிப் பழகிய வாய் அது. அன்றிலிருந்து மனதுக்குள் 'அவன்' என்றுதான் சொன்னது. நாமும் இனி அப்படியே சொல்லிவிடுவோம், அந்த மனிதனுக்கு அது போதும்.

நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். கோபிசங்கருக்கு மைக்கில் கதைக்கத் தெரியும். கொட்டில் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளைக்கும் நித்திரை வராமல், சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்தே பின்னேரத்தை ஓட்டிவிடுவான். ஆனால் ஒரு தாள் எழுதத் தெரியாது. எழுத வேண்டிய தேவையும் அவனுக்கு இருக்கவில்லை, ஏனென்றால் அவனுடைய கல்வி நிலையத்தில் சுபாஜினி இருந்தாள். அவள் எழுதுவாள், அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால்தான் அதை முதன்முதலாக வாசிப்பான். முன்கூட்டி ஒரு தாளைப் பார்ப்பது தன் கெட்டித்தனத்துக்கு இழுக்கு என்று அவனுக்கு ஒரு எண்ணம். வாசித்துப் பார்க்காமல் மேடை ஏறுவதை ஒரு வீரம் மாதிரி எல்லோருக்கும் சொல்லித் திரிவான்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம், வகுப்பு எல்லாம் பூட்டுப்பட்டுக் கிடந்தபோது அவள் நீர்வேலியில் வீட்டோடு இருந்து ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதினாள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் புள்ளி போவது இரண்டு இடத்தில். ஒன்று, ஒருவருக்கு ஒரு வினை, பலருக்கு வேறு வினை என்பதை மறந்துவிடுவார்கள். மற்றது, கொமாவையும் முற்றுப்புள்ளியையும் உப்புத் தூவுகிற மாதிரி நினைத்த இடத்தில் தூவுவார்கள். இந்த இரண்டுக்கும் மட்டும்தான் அந்தப் புத்தகம். உதாரண வசனங்களுக்கு அவள் எங்கேயும் தேடிப் போகவில்லை. ஊரடங்கில் கண்ணுக்கு முன்னால் இருந்தவர்களையே எடுத்துக்கொண்டாள். அப்பா நடராசா, அம்மா இராசமலர், நாய் வீமன், பருத்தித்துறை பஸ் ஓடுகிற மாமா தேனுஜன்.

புத்தகத்தின் முதலாவது வசனம், நடராசா வாழை வளர்க்கிறார். ஆங்கிலத்தில் 'நடராசா குறோஸ் பனானாஸ்'. இரண்டாவது, நடராசாவும் இராசமலரும் வாழை வளர்க்கிறார்கள். 'நடராசா அன்ட் ராசமலர் குறோ பனானாஸ்'. ஒருவர் என்றால் வினைக்கு வால் இருக்கும், இரண்டு பேர் என்றால் வால் விழுந்துவிடும். நிறுத்தற்குறிக்கு அவள் ஒரு விளையாட்டும் கண்டுபிடித்தாள். வசனத்தைச் சத்தமாகச் சொல்லும்போது கொமா வருகிற இடத்தில் ஒரு கைதட்டு, முற்றுப்புள்ளியில் இரண்டு கைதட்டு. முதலில் அதைச் செய்து பார்த்தது கிணற்றடியில். அம்மா உள்ளே இருந்து, உவள் ஆருக்குக் கைதட்டுறாள் என்று கேட்டாள்.

எழுதி முடித்ததை அச்சடிக்கச் சொல்லிக் கோபிசங்கரிடம் கொடுத்தாள். அப்பாவுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஆங்கிலம் வாசிக்கமாட்டார். வெளியீட்டு விழாவில் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, முதலாவது வசனமே நீங்கள்தான் அப்பா என்று காதுக்குள் சொல்வதாக இருந்தாள்.

விழா வந்தது. நடராசா பட்டு வேட்டியும் சால்வையுமாக வந்து முன்வரிசையில் இருந்தார். கோபிசங்கர் கையில் மைக்கோடு ஓடித்திரிந்தவன், அவருக்கு முன்னால் வந்து நின்று, ஐயா, இது விருந்தினருக்குப் போட்ட கதிரை, பின்னாலை போய் இருங்கோ என்றான். அவர் எழும்பிப் பின்னுக்குப் போனார். பின்னுக்குக் கதிரை இல்லை. சுவரோடு சாய்ந்து நின்றார். மேடையில் புத்தகத்தைப் பிரித்தார்கள். அட்டையில் கோபிசங்கரின் படம், கோபிசங்கரின் பெயர். உள்ளே நன்றி சொன்ன பக்கத்தில் அச்சகத்துக்கு நன்றி, மின்சாரம் தந்த பக்கத்துக் கடைக்கு நன்றி. சுபாஜினி என்று ஒரு எழுத்து இல்லை.

விழா முடிந்ததும் அவள் போய்க் கேட்டாள். பக்கத்தில் நாலு வாத்தியார்மார் வடை தின்றுகொண்டு நின்றார்கள். அவன் அவர்களையும் பார்த்துக்கொண்டு, "நீர் ரைப் அடிச்சுத் தந்தனீர். ரைப் அடிக்கிற ஆக்களின்ரை பேரை ஆரும் அட்டையிலை போடுறவையே?" என்றான். வடைக்காரர்கள் சிரித்தார்கள். சுவரோடு நின்ற அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். வீடு திரும்பியதும் அவர் படலையைத் திறந்து உள்ளே போய், சால்வையை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். அந்த முகத்தைச் சுபாஜினி மறக்கவில்லை. முதலாவது வசனத்தைப் பற்றி அவரிடம் சொல்லவும் இல்லை. எந்த வாயால் சொல்வது?

அவள் அங்கிருந்து விலகி, நீர்வேலியில் வீட்டுக் காணியிலேயே ஒரு தகரக் கொட்டில் போட்டு வகுப்புத் தொடங்கினாள். கொஞ்சப் பிள்ளைகள் வந்தார்கள். தனுஷிகா கூட வரவில்லை. கோபி சேரின் வகுப்புக்குத்தான் மதிலில் பெரிய பெரிய படம் கட்டியிருக்கிறார்கள், ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படம் என்று தாய்க்காரி சொன்னாளாம். புத்தகமோ வடமராட்சி, தென்மராட்சி என்று குடாநாடு முழுக்கப் பரவிவிட்டது. ஓ எல் சோதனை எடுக்கிற பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போதும் 'நடராசா குறோஸ் பனானாஸ்' என்று சொல்லி இரண்டு தரம் கை தட்டுவார்கள். சுபாஜினி பஸ்ஸின் பின் இருக்கையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

இதையெல்லாம் சகித்தவளுக்கு, இப்போது வகுப்புக்குக் கிழமைதோறும் எழுதும் தாளும் களவு போகிறது என்று தெரிந்ததும் பொறுக்கவில்லை. போய்ச் சண்டை பிடிக்கலாம். பிடித்தால் அடைக்கலநாதன் கையை விரிப்பான், கோபிசங்கர் இன்னும் நாலு பேரைக் கூட்டி வைத்துச் சிரிப்பான். சுபாஜினிக்கு அது வேண்டாம். எந்த மைக்கில் தன் பெயர் விழுங்கப்பட்டதோ, அந்த மைக்கில் அவன் வாயாலேயே அவன் களவு வெளியில் வரவேண்டும். சனம் நிறைந்த மண்டபத்தில் வரவேண்டும். அப்பாவைச் சுவரோடு நிறுத்தியவன் நிற்க இடமில்லாமல் நெளிய வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான், குறைவாகவும் இல்லை.

சோதனைக்கு முந்தின மாதம் கோபிசங்கர் அச்சுவேலியில் ஒரு மண்டபம் எடுத்து இலவசக் கருத்தரங்கு வைப்பதாக நோட்டீஸ் ஒட்டினான். கனடாவில் இருந்து வந்திருக்கும் ஒரு பெரியவர் அனுசரணை. பெற்றோருக்கு முற்றத்தில் பந்தல், ஒலிபெருக்கி. சோதனையில் நிச்சயமாக வரும் கேள்விகள் அன்று தரப்படும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. நிச்சயமாக வரும் கேள்விகளை அவன் எங்கே இருந்து எடுப்பான் என்று சுபாஜினிக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் அவள் ஒரு புதுத் தாள் எழுதினாள். எழுதும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாம். அம்மா கண்டுவிட்டு, என்ன பிள்ளை, சம்பந்தம் ஏதும் சரிவந்திட்டுதோ என்று கேட்டாள். அதிலும் நல்ல விசயம் அம்மா என்றாள் சுபாஜினி.

முதல் மூன்று வசனமும் பச்சைத் தண்ணீர் மாதிரி. சூரியன் கிழக்கில் உதிக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பசு புல் தின்கிறது. நாலாவதில்தான் அவள் கைவைத்தாள். ஒரு வாத்தியார் கிழமைதோறும் இன்னொருவரின் தாளைக் களவெடுக்கிறார். ஐந்தாவது, அந்த வாத்தியார் அதை வாசித்துப் பார்ப்பதில்லை. ஆறாவது, அவரும் அவருடைய மைக்கும் இப்போது உங்களுக்கு முன்னால் நிற்கின்றன.

தாளை அடைக்கலநாதனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அண்ணை, இது கட்டாயம் சோதினைக்கு வரும், கடவுளே எண்டு ஒருத்தருக்கும் காட்டிப்போடாதேங்கோ என்றாள். அடைக்கலநாதன் மெசினுக்கு மேலே தொங்கிய அந்தோனியார் படத்தைத் தொட்டு, தன் கடைக்குள் வந்த தாள் வெளியே போகாது என்று சத்தியம் பண்ணினான். அவளுடைய ஸ்கூட்டி நீர்வேலி வந்து சேரமுதல் தாள் போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். தன் பிள்ளைகளுக்கு அவள் வேறொரு தாளை யாழ்ப்பாணம் ரவுனில் போய் அடித்துக்கொண்டாள்.

கருத்தரங்கு நாள் காலை அவள் மண்டபத்துக்கு எதிரே இருந்த கூல்பாரில் ஒரு சோடாவை வாங்கிக்கொண்டு இருந்தாள். வேடிக்கை பார்க்கும் ஆள் மாதிரிக் காலுக்கு மேல் கால் போட்டிருந்தாள். அப்போதுதான் வாசலைக் கவனித்தாள். வாசலின் இரண்டு பக்கமும் குலையோடு இரண்டு வாழைகள். இடது பக்கத்து வாழை கொஞ்சம் சரிந்து நின்றது. அதைத் தோளால் முண்டுகொடுத்துப் பிடித்துக்கொண்டு கயிறு சுற்றிக்கொண்டு நின்றது அவளுடைய அப்பா.

சோடனைக்காரர் வாழை வேண்டும் என்று கேட்டால் நடராசா கொடுப்பார். யாருடைய விழா, எந்த விழா என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இங்கே வந்து, வாசலில் தொங்கிய கோபிசங்கரின் படத்தைக் கண்ட பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கும். கண்டும் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. கட்டித் தருகிறேன் என்று சொன்ன வாய் அது. கோபிசங்கர் புதுச் சேர்ட்டோடு வாசலுக்கு வந்து, வாழைக்காரர், அது சரிஞ்சு நிக்குது, வடிவாய்க் கட்டுங்கோ என்று கை காட்டிவிட்டுப் போனான். அவனுக்கு அந்த மனிதர் யார் என்று தெரியவில்லை. எட்டு வருடம் கூட வேலை செய்தவளின் தகப்பன் பெயரை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

எழும்பிப் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று அவள் நினைக்க, ஒலிபெருக்கி கரகரத்து, கருத்தரங்கு தொடங்கிவிட்டது. கனடாப் பெரியவருக்கு மாலை. கோபிசங்கருக்கும் மாலை. பிறகு அவன் மைக்கைப் பிடித்தான். இரண்டு பகிடி விட்டான். மண்டபம் சிரித்துக் குலுங்கியது. தாள்கள் பரிமாறப்பட்டன.

சூரியன் உதித்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பசு புல் தின்றது. வசனத்தின் முன்பாதியை அவன் சொல்ல, வினையைப் பிள்ளைகள் கூட்டமாய்ச் சொல்லி, கொமாவுக்கு ஒன்றும் முற்றுப்புள்ளிக்கு இரண்டுமாகக் கை தட்டினார்கள். நாலாவதையும் அவன் அதே ராகத்தில் இழுத்தான். ஒரு வாத்தியார் கிழமைதோறும் இன்னொருவரின் தாளை என்று நிறுத்த, மண்டபம் முழுக்க "ஸ்ரீல்ஸ்" என்றது. களவெடுக்கிறார் என்று அர்த்தம். இரண்டு கைதட்டு. அந்தச் சத்தம் ஒலிபெருக்கி வழியாகச் சந்தைக்குக் கேட்டது. சுபாஜினி சோடாவைக் கீழே வைத்தாள். ஐந்தாவதும் அப்படியே போனது. அந்த வாத்தியார் அதை வாசித்துப் பார்ப்பதில்லை என்று பிள்ளைகள் முடித்தபோது பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. ஆறாவதை வாசிக்கத் தொடங்கினான். அவரும் அவருடைய மைக்கும் என்றான். அதற்கு மேல் குரல் வரவில்லை.

ஒலிபெருக்கியில் அவன் மூச்சு வாங்குவது கேட்டது. அடேயப்பா, அந்த மூச்சுச் சத்தம் அவள் காதில் தேன் மாதிரி விழுந்தது. சிரிப்பு பின்வரிசையில் இருந்து முன்வரிசைக்கு வந்தது. பந்தலில் இருந்த தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

ஆனால் அவனைச் சும்மா சொல்லக்கூடாது. மைக்கோடு பிறந்தவன். தொண்டையைச் செருமிக்கொண்டு சிரித்தான்.

"சிரியுங்கோ பிள்ளையள், நல்லாச் சிரியுங்கோ. இது நான் வேணுமெண்டு போட்ட வசனம். எங்களோடை இருந்து, எங்கடை கையாலை வாங்கித் திண்டு, எங்கடை தாளுகளையும் களவெடுத்துக்கொண்டு போய் நீர்வேலியிலை வகுப்பு வைச்சிருக்கிற ஒரு ரீச்சர் இருக்கிறா. பேர் சொல்லமாட்டன். நான் மரியாதை தெரிஞ்சவன். ஆறாவதை விடுங்கோ, ஏழாவதுக்கு வாங்கோ."

மண்டபம் 'ஓ' என்றது. பந்தலில் ஒரு தாய் மற்றவளின் காதுக்குள் ஏதோ சொன்னாள். நீர்வேலியில் எந்த ரீச்சர் என்று கண்டுபிடிக்க அந்த ஊரில் யாருக்கும் இரண்டு நிமிடம் தேவையில்லை. சுபாஜினி வெட்டிய குழியில் அவளையே தள்ளி மண்ணும் போட்டு மூடிவிட்டான் பாவி. களவு கொடுத்தவள் கள்ளியாகிவிட்டாள், அதுவும் ஒலிபெருக்கியில். அவள் வாசலைப் பார்த்தாள். அப்பா கயிற்றைப் பிடித்தபடி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அதே முகம். சால்வையை மடித்து வைத்த அன்றைய முகம்.

அவள் றோட்டைக் கடந்தது அவளுக்கே தெரியாது. ஒரு ஓட்டோக்காரன் பிரேக் பிடித்துவிட்டு ஏசினான். அப்பாவைக் கடந்து, பந்தலைக் கடந்து, மண்டபத்துக்குள் போனாள். பிள்ளைகள் விடை சொல்வதற்கென்று கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டிருந்த மற்ற மைக் அந்த நேரம் தனுஷிகாவிடம் இருந்தது. சுபாஜினி கையை நீட்டினாள். தனுஷிகா மேடையை ஒருக்காப் பார்த்தாள், அக்காவை ஒருக்காப் பார்த்தாள், மைக்கைக் கொடுத்துவிட்டாள்.

"பேரைச் சொல்லலாம் சேர். சுபாஜினி. ஒரு கேள்வி கேட்டிட்டுப் போறன்."

கோபிசங்கர் சிரிப்பை விடவில்லை. வாங்கோ ரீச்சர், எங்கடை பிள்ளையளிட்டை நீங்களும் ஏதும் படிச்சுக்கொண்டு போங்கோ என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, கோபி சேரின் புத்தகத்தில் முதலாவது வசனம் என்ன என்று கேட்டாள்.

அது கேட்கவேண்டிய கேள்வியா? மூன்று வருடமாகப் பாடமாக்கிய வாய்கள். மண்டபம் ஒரே குரலில் "நடராசா குறோஸ் பனானாஸ்" என்றது. இரண்டு கைதட்டு. இரண்டு பேர் என்றால் என்று கேட்டாள். "நடராசா அன்ட் ராசமலர் குறோ பனானாஸ்." இரண்டு கைதட்டு. அவர்களுடைய நாயின் பெயர் என்ன என்றாள். வீமன். வீமனுக்கு என்ன பிடிக்காது? பப்பாசி. பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டாகப் போய்விட்டது.

"இவையள் ஆர் சேர்?"

"ஆரெண்டு? சும்மா பேருகள். உதாரணத்துக்கு நான் யோசிச்சுப் போட்ட பேருகள். நடராசா எண்டு ஊரிலை நூறு பேர் இருப்பினம்."

"நல்லது. அப்ப உங்கடை வாசலிலை வாழை கட்டிற ஐயாவின்ரை பேரை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

மண்டபம் முழுக்கத் தலையைத் திருப்பியது. கோபிசங்கர் கேட்கவில்லை. கேட்டது பந்தலில் கிட்டத்தில் இருந்த ஒரு தாய். ஐயா, உங்கடை பேர் என்ன? எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு நடராசா தோளில் இருந்த துவாயை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏதோ பிழை செய்துவிட்டோம் என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

"நடராசா" என்றார்.

மனுசியின் பெயர்? இராசமலர், ஏன் கேட்கிறீர்கள் என்றார். பின்வரிசைப் பிள்ளை ஒன்று எழும்பி, ஐயா, உங்கடை நாய்க்கு என்ன பேர் என்று கத்தியது. அவர் கொஞ்சம் யோசித்தார். நாய் யாரையும் கடித்துவிட்டதோ என்று பயந்திருக்க வேண்டும்.

"வீமன். அவன் வீட்டிலை எல்லே நிக்கிறான்."

அதற்குப் பிறகு மண்டபத்தை அடக்க யாராலும் முடியவில்லை. மூன்று வருடம் வாயில் மென்ற வசனம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழைக் கயர்க் கறை பட்ட சேர்ட்டோடு வாசலில் நிற்கிறது. பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். யாரும் கேட்காமலே "நடராசா குறோஸ் பனானாஸ்" என்று ஒரு மூலையில் தொடங்கி, மண்டபம் முழுக்க எடுத்து, பந்தலுக்கும் பரவியது. இரண்டு கைதட்டு. திரும்பவும் சொன்னார்கள். திரும்பவும் இரண்டு கைதட்டு. நடராசா கைகூப்பினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

சுபாஜினி மைக்கைக் கிட்டப் பிடித்தாள்.

"அப்பா, இந்தப் புத்தகத்தின்ரை முதலாவது வசனம் நீங்கள். நடராசா வாழை வளர்க்கிறார் எண்டு. நான் எழுதினது."

கனடாப் பெரியவர் தனக்கு முன்னால் இருந்த புத்தகத்தை எடுத்தார். அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார், அட்டை கீழே வரும்படி அதைக் குப்புற வைத்தார். கழுத்தில் கிடந்த மாலையையும் கழற்றி அதற்கு மேல் வைத்தார். கோபிசங்கர் ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்து நிற்பாட்டச் சொல்லிக் கையைக் காட்டினான். ஒலிபெருக்கிக்காரன் மறுபக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு நின்றான். கோபிசங்கர் மேடையின் ஒரு கரைக்குப் போனான், மற்றக் கரைக்குப் போனான், பிறகு பின்சுவரோடு போய் நின்றான். சுபாஜினி அதை நன்றாகப் பார்த்தாள். ஆசை தீரப் பார்த்தாள். ஒரு துளி இரக்கமும் அவளுக்கு வரவில்லை, வரவேண்டிய தேவையும் இல்லை.

அவள் அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தாள். மைக்கைத் தனுஷிகாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, நடராசா இடுப்பில் இருந்த கத்தியை எடுத்து, இவ்வளவு நேரமும் பாடுபட்டுக் கட்டிய கயிற்றை அறுத்துக்கொண்டு நின்றார்.

நல்ல காரியத்துக்குக் கட்டிய வாழையைக் காரியம் முடியமுதல் யாரும் அவிழ்ப்பதில்லை. அவிழ்த்தால் அந்தக் காரியம் அந்தவிடத்திலேயே நின்றுபோனது என்று அர்த்தம். பந்தலில் இருந்த தாய்மார் வாயில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கோபிசங்கருக்கு எங்கிருந்து உயிர் வந்ததோ, மேடையில் இருந்து குதித்து ஓடிவந்தான். ஐயா, ஐயா, நிகழ்ச்சி முடியேல்லை, இடையிலை வாழையை எடுக்கக்கூடாது, சனம் பாத்துக்கொண்டு நிக்குது என்று கெஞ்சினான். காலையில் வாழைக்காரர் என்ற வாய்.

நடராசா கயிற்றை முழுக்க அறுத்து முடித்தார். வாழையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"வாழை என்ரை" என்றார்.

ஒன்றைக் கொண்டுபோய்த் தன் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டிக்குள் கிடத்தினார். திரும்பி வந்து மற்றதையும் அறுத்தார். யாரும் தடுக்கவில்லை. வாசலில் இரண்டு குழியும், கோபிசங்கரின் சிரிக்கிற படமும் மட்டும் மிச்சம் இருந்தன. படத்துக்குக் கீழே கோபிசங்கர் நின்றான். பெற்றோர் ஒவ்வொருவராக உள்ளே போய்த் தங்கள் பிள்ளைகளைக் கூப்பிடத் தொடங்கினார்கள். தனுஷிகாவின் தாய் எல்லோருக்கும் முதல் போனாள்.

ஸ்கூட்டியைக் கூல்பார்க்காரனிடம் பார்க்கச் சொல்லிவிட்டுச் சுபாஜினி பெட்டியில் வாழைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டாள். லான்ட்மாஸ்ரர் தடதடவென்று சந்தையைத் தாண்டியது. அடைக்கலநாதன் கடை வாசலில் நின்றவன், இவர்களைக் கண்டதும் கதவை இழுத்துச் சாத்தினான். நீர்வேலி வரும்வரைக்கும் நடராசா ஒன்றும் கதைக்கவில்லை. அந்த மௌனம் அவளுக்குப் பயத்தைத் தந்தது. சந்தியில் சனத்துக்கு நடுவே இழுபட்டது, ஒலிபெருக்கியில் பெயர் அடிபட்டது, இதெல்லாம் அவருக்குப் பிடித்திருக்காது என்று நினைத்தாள். ஏச்சு வாங்க ஆயத்தமாகத்தான் இருந்தாள்.

தங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் அவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"அண்டைக்கு என்னை முன் கதிரையிலை இருந்து எழுப்பிவிட்டவன் உவன்தானே?"

"ஓம் அப்பா."

"உன்னை ரைப் அடிக்கிறவள் எண்டு சொன்னவனும் உவன்தானே?"

"ஓம்."

நடராசா திரும்பி மகளைப் பார்த்தார்.

"அப்ப ஏன் பிள்ளை மூண்டு வரியம் சுணங்கினனி?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் எஞ்சினைத் திரும்ப உயிர்ப்பித்து, வீமன் குரைத்துக்கொண்டு ஓடிவந்த படலைக்குள் வண்டியை விட்டார். வந்ததும் வராததுமாக உள்ளே போய், அலுமாரியைத் திறந்து, அந்தச் சால்வையை எடுத்துக் கொடியில் வெயிலுக்குப் போட்டார்.